கொரங்காட்டு மேய்ச்சலுக்கும் மேச்சேரி செம்மறி வளர்ப்புக்கும் உதவி கோரும் மனு

அனுப்புநர்
காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் கொரங்காட்டில் மேச்சேரி செம்மறி வளர்க்கும் விவசாயிகள்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: கொட்டகையில் ஆடு வளர்ப்பதற்குக் கிடைக்கும் ஆதரவு, மேய்ச்சலில் வளர்ப்பதற்கும் கிடைக்க வேண்டுதல், உயிர்வேலி, புல்விதை, பொலிகிடாய், பருவத்தில் தடுப்பூசி, நாய்க்கடி இழப்பீடு, சந்தையில் எடைமேடை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

மேச்சேரி ஆடு கறிக்கான ஆடு. உடம்பில் கம்பளி கிடையாது. வெளிர் பழுப்பில் படிந்த குட்டை முடிதான். கத்தரிக்க ஆள் தேட வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல் கதிர்விட்டு நிற்கும் மாதத்தில் அதன் விதை சுணையோடு வந்து ஒட்டும். கம்பளியுள்ள குரும்பை ஆட்டில் அது சிக்கிச் சடையாகிவிடும். மேச்சேரி ஆடு இரண்டு தரம் உடம்பை உலுக்கினால் கொட்டிப் போகும். கிடாய்க்கும் பெட்டைக்கும் கொம்பு இல்லாததால் வேலியில் மாட்டிக்கொள்வது குறைவு. பகலில் மேய்ந்து, இரவில் அதே காட்டில் படல் கட்டிய பட்டியில் அடைந்து கிடக்கும். கூரை வேண்டியது மழைநாளில் குட்டிகளுக்கு மட்டுமே. இதன் தோலுக்குத் தோல் வணிகத்தில் தனி மதிப்பு உண்டு. இந்த இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் அரசு ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருவதையும் தாங்கள் அறிவீர்கள்.

இந்த ஆட்டை வளர்ப்பது கொரங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் நிலம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் செம்மண், சரளை நிலத்தில் சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மழை கண்டால் புல் தழையும். கோடையில் புல் சருகான பிறகு வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும், மரம் நிழலாகும். வேலி, புல், மரம் ஆகிய மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் நிற்காது.

எங்கள் மனுவின் மையம் இதுதான்: ஆட்டுக்கென வரும் உதவி கொட்டகைக்குப் போகிறது, கொரங்காட்டுக்கு வருவதில்லை. தேசிய கால்நடை இயக்கத்தில் செம்மறிப் பண்ணைக்கான சிறிய அலகே 100 பெட்டை, 5 கிடாய். செலவில் பாதி மானியம், அந்த அலகுக்கு உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். பெரிய முதலீடு செய்வோருக்கு அது நல்ல திட்டம். ஆனால் மானாவாரிக் கொரங்காட்டில் ஏக்கருக்கு இரண்டு ஆட்டுக்கு மேல் விட்டால் புல் தூரோடு கடிபட்டு, மிதிபட்டு, இரண்டு மூன்று ஆண்டில் தரை வெளுத்துவிடும். அந்தக் கணக்கில் 100 பெட்டைக்கு 50 ஏக்கர் வேண்டும். எட்டு ஏக்கர் வைத்திருப்பவர் அந்த அலகுக்குள் வர ஒரே வழி, பரண் கொட்டகை கட்டி அடர்தீவனம் வாங்கிப் போடுவது. தீவனச் செலவில்லாமல் வளர்வதுதான் இந்த ஆட்டின் பலம். தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கிய நாளில் அந்தப் பலம் போய்விடும். ஆகவே எட்டு ஏக்கர் கொரங்காட்டுக்கு 15 பெட்டை, ஒரு கிடாய் என்ற சிறிய அலகை மாவட்ட அளவில் ஏற்று, அதற்கான உதவியைக் கட்டடத்துக்கு அல்லாமல் வேலிக்கும் புல்லுக்கும் தரும்படி அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

வேலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொரங்காட்டின் செலவில் பெரும்பகுதி இதுதான். சதுரமாக உள்ள நான்கு ஏக்கர் காட்டைச் சுற்றி வந்தால் ஏறத்தாழ 1,670 அடி. சாணுக்கு ஒரு கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) என்று ஊன்றினால் சுமார் 2,200 போத்து வேண்டும். கட்டைவிரலைவிடத் தடித்த, நாலைந்து அடி நீளமுள்ள போத்தை, கிளுவை இலையுதிர்ந்து நிற்கும் கோடையில் வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டு, பிறகு ஓரடி ஆழத்தில் ஊன்றி மண்ணை இறுக மிதிக்க வேண்டும். ஈர வெட்டோடு ஊன்றினால் அடி அழுகும். இலை விட்ட பின் வெட்டினால் வேர் பிடிக்காது. குறுக்கே இரண்டு வரிசை கழி வைத்துக் கட்டாவிட்டால் காற்றில் ஆடி ஆடி வேர் அறும். முதல் ஆண்டில் பட்டுப்போன இடங்களுக்கு மறு ஆண்டு போத்து மாற்ற வேண்டும். வேலி அடைத்துக்கொண்ட பிறகும் கவாத்து உண்டு. மேலே வெட்டாமல் விட்டால் அடியில் சந்து விழும். ஆடு வெளியே போவதும் நாய் உள்ளே வருவதும் அந்தச் சந்து வழியாகத்தான். (வெள்ளாடு இளங்கிளுவையின் தளிரைக் கடித்தே வேலியை முடித்துவிடும். கொரங்காடுள்ள ஊர்களில் இலவச ஆடு வழங்கும்போது செம்மறியையே வழங்குமாறு இவ்விடத்தில் கேட்டுக்கொள்கிறோம்.) கம்பிவேலி ஒரு நாளில் முடிகிற வேலை, ஆனால் துருப்பிடித்ததும் மறுபடி முதலிலிருந்து செலவு, கிளுவை தலைமுறை தாண்டி நிற்கும். போத்து வெட்டுதல், ஊன்றுதல், கவாத்து ஆகியவற்றை ஊரக வேலைத் திட்டப் பணிகளில் விதிகள் இடம் தரும் அளவுக்குச் சேர்த்து, பணியைக் கோடையிலேயே தொடங்க உத்தரவிட வேண்டுகிறோம். மழைக்காலத்தில் வரும் பண உத்தரவால் வேலிக்குப் பயனில்லை.

புல் தேய்ந்த காடுகளுக்கு விதை வேண்டும். கொழுக்கட்டைப் புல்லுக்கு ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். அறுத்த உடனே விதைத்தால் முளைக்காது, ஆறு மாதமாவது உறங்கி எழ வேண்டும். எனவே வழங்கும் விதையின் பையில் அறுவடை மாதத்தை எழுதித் தர வேண்டும். கூடவே முயல்மசால் என்னும் பயறுவகைத் தீவனப்பயிரைக் கலந்தால் ஆட்டுக்குப் புரதம் கிடைக்கும். அதன் விதைத்தோல் கடினமானது. 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விதையை மட்டும் கொடுத்தால் பெரும்பகுதி முளைக்காமல், "இந்த மண்ணுக்கு ஆகாது" என்ற பேர்தான் மிஞ்சும். இரண்டு விதையையும் மேலாகத் தூவி முள்ளை இழுத்து மூடினால் போதும், ஆழப் போனால் புதைந்துவிடும். விதை ஆவணிக்குள் கைக்கு வர வேண்டும். விதைத்த காட்டில் முதல் பருவம் ஆடு விடக்கூடாது என்பதால், அந்தப் பருவத்துக்கு மட்டும் உலர்தீவனத்தை மானிய விலையில் தந்தால்தான் சிறு விவசாயி புல் விதைக்கத் துணிவார்.

அடுத்தது இனவிருத்திக்கான பொலிகிடாய். 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடாய் என்பது கணக்கு. ஆடியிலும் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் வியாபாரி முதலில் கை வைப்பது நன்றாக வளர்ந்த கிடாய்க்குட்டி மீதுதான். விலை போகாமல் நின்ற சோனிக் கிடாயே பட்டியில் பொலிக்கு நிற்கிறது. ஆண்டுக்காண்டு குட்டியின் எடை குறைவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இரண்டாண்டுக்கு மேல் ஒரே கிடாய் நின்றால் தன் பெட்டைக்குட்டிகளோடேயே சேர்ந்துவிடும். பிறக்கும் குட்டி நோஞ்சானாகும், சினை தங்காமலும் போகும். சிலர் உருவத்துக்கு ஆசைப்பட்டு வெளி இனக் கிடாயை விடுகிறார்கள். 22, 25 கிலோ உள்ள மேச்சேரிப் பெட்டையின் வயிற்றில் பெரிய குட்டி தங்கினால் ஈற்றில் தவிக்கிறது. வளர்ந்த குட்டிக்கும் கொரங்காட்டு மேய்ச்சல் பற்றுவதில்லை. வம்சாவளிப் பதிவுள்ள மேச்சேரிக் கிடாய்களைப் பொட்டனேரி நிலையத்திலிருந்து பெற்று, ஒவ்வோர் ஊராட்சிக்கும் தந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளும்படி கால்நடை மருந்தகப் பதிவேட்டில் எழுதி நடத்த வேண்டுகிறோம்.

தடுப்பூசியில் நாங்கள் கேட்பது தேதி மட்டுமே. காய்ந்த காட்டில் மழை பெய்து பத்தாம் நாள் இளம்புல் எழும்பும். பசித்த ஆடு அதை வாரித் தின்னும். குடலில் இருக்கும் கிருமி பெருகி நஞ்சு கக்கும். காலையில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி மதியத்துக்குள் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து விழுந்து சாகும். துள்ளுமாரி என்னும் இந்த நோயில் பட்டியின் கொழுத்த குட்டிதான் முதலில் போகும், ஏனெனில் அதுதான் அதிகம் தின்றது. முதன்முறை ஊசி போடும் குட்டிக்கு இரண்டு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். எதிர்ப்புச் சக்தி வர மேலும் இரண்டு வாரம். ஐப்பசி மழைக்கு முன் ஆடு தயாராக வேண்டுமானால் ஆவணி பாதிக்குள் முதல் ஊசி விழ வேண்டும். மழைக்குப் பின் வரும் ஊசியால் அந்த ஆண்டின் சாவைத் தடுக்க முடியாது. கொசுவைவிடச் சிறிய கடிபூச்சி பரப்பும் நீலநாக்கு நோய்க்கும் இதே நிலைதான். அதற்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. ஊராட்சி வாரியாகத் தேதி குறித்த அட்டவணையை ஆடி மாதத்திலேயே வெளியிட்டால், ஆடுகளை மேய்ச்சலுக்குத் திறக்காமல் பட்டியில் நிறுத்தி வைப்பது எங்கள் பொறுப்பு.

குடற்புழு மருந்தை எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவில், ஒரே மருந்தாகக் கொடுத்துக்கொண்டே போவதால் பல பட்டிகளில் அது வேலை செய்வதில்லை. எடை பாராமல் குறைத்து ஊற்றினால் தப்பிய புழு பழகிக்கொள்கிறது. கீழிமையைப் புரட்டிப் பார்த்தால் போதும்: உட்புறம் சிவந்திருந்தால் மருந்து வேண்டாம், காகிதம்போல் வெளுத்து, தாடையடியில் நீர் தொங்கினால் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது, உடனே மருந்து வேண்டும். இமை நிற அட்டையும், 50 கிலோ தொங்கு தராசும், மழைக்காலத்தில் புழுக்கைப் பரிசோதனையும் ஒவ்வொரு மருந்தகத்திலும் கிடைத்தால் மருந்துச் செலவே குறையும்.

தெருநாய்ப் பிரச்சினையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். கொரங்காட்டு ஆடு இரவிலும் காட்டிலேயே கிடப்பதால் கூட்டமாக வரும் நாய்களுக்கு எளிதில் சிக்குகிறது. கடிபட்டுச் சாவது ஐந்து என்றால், விரட்டலில் மிரண்டு சினை கலைவதும், தாயிழந்த பால்குட்டி சாவதும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. காப்பீட்டில் காதில் அடையாள வில்லை இல்லையேல் தொகை இல்லை என்பது விதி; நாய் முதலில் கவ்வும் இடங்களில் காதும் ஒன்று. ஆகவே இழப்பீட்டுக்கு மருத்துவரின் உடற்கூறாய்வுச் சான்றையும் புகைப்படத்தையும் போதுமானதாக ஏற்று, 24 மணி நேரத்துக்குள் ஆய்வு முடியவும், சினை ஆட்டுக்குத் தனித் தொகை கிடைக்கவும் வழி செய்ய வேண்டும். சாலையோரங்களில் இறைச்சிக் கழிவு கொட்டுவதை நிறுத்தாமல் நாய்க்கூட்டம் குறையாது. விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-இன்படி இயங்கும் நாய்க் கருத்தடை மையம் ஒன்றை ஒன்றியந்தோறும் அமைக்கவும் வேண்டுகிறோம்.

சந்தையில் இன்றும் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசப்படுகிறது. வியாபாரி இடுப்பெலும்பில் கை வைத்து "ஒன்பது கிலோ கறி நிக்கும்" என்று சொல்வதை மறுக்க எங்களிடம் எதுவும் இல்லை. 20 கிலோ உயிர் எடைக்கு ஒன்பது கிலோ கறி என்பது சரியான கணக்கே. ஆனால் அந்த ஆடு 20 கிலோவா 23 கிலோவா என்பதில்தான் இழப்பு. கன்னிவாடி உள்ளிட்ட சந்தைகளில் பக்கத்தடுப்புள்ள, 200 கிலோ வரை காட்டும் மின்னணு எடைமேடை, முத்திரையிட்டு வைக்கப்பட வேண்டும். தண்ணீர் காட்டிய ஆட்டுக்கும் வெறும் வயிற்று ஆட்டுக்கும் ஒன்றிரண்டு கிலோ மாறும் என்பதால், எடை போடும் நேரத்தையும் சீட்டில் எழுத வேண்டும்.

கடைசியாக, அடங்கல் என்னும் கிராம நிலக் கணக்கில் கொரங்காடு "தரிசு" என்று எழுதப்படும் இடங்களில் அதை "மேய்ச்சல் நிலம்" என்று திருத்த உத்தரவிட வேண்டுகிறோம். தரிசு என்ற சொல் இருக்கும்வரை வறட்சி நிவாரணக் கணக்கில் எங்கள் புல் வராது. சூரிய மின்தகடு பதிக்க நிலம் தேடி வருவோருக்கும் அது வீணாய்க் கிடக்கும் நிலமாகவே தெரிகிறது.

மேற்கண்டவற்றுள் தடுப்பூசி அட்டவணையும் எடைமேடையும் இந்த ஆண்டே செய்யக்கூடியவை. வேலிக்கும் விதைக்கும் அடுத்த கோடைக்கு முன் உத்தரவு வந்தால் போதும். கள ஆய்வுக்கு அலுவலர்களை அனுப்பினால், நல்ல நிலையில் உள்ள கொரங்காடு ஒன்றையும் தேய்ந்துபோனது ஒன்றையும் அருகருகே காட்டுவோம்.

நன்றியுடன்,

இப்படிக்கு,
மேய்ச்சல் விவசாயிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: ஊர் வாரியாகக் கொரங்காட்டுப் பரப்பு, ஆட்டு எண்ணிக்கைப் பட்டியல், அடங்கல் நகல்கள்.

நகல்: மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை, திருப்பூர்.