உன் டெக் பட்டியலைப் பார்த்தேன்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மா வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசுக்குப் பெரிய நிம்மதி. ஸ்கார்பரோ குளிரில் முட்டியை வைத்துக்கொண்டு என்ன பாடுபடப் போகிறார்களோ என்று இங்கே நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தோம். இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். வீடு கொஞ்சம் அமைதியாகிவிட்டது. மாலையில் கார்டுகளைப் பரப்பி வைத்து உட்கார எனக்கும் நேரம் கிடைக்கிறது.

உன் கடிதத்தில் என்னை ரொம்பவும் சந்தோஷப்படுத்தியது நீ மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தை ஆட ஆரம்பித்த செய்திதான். சிங்கப்பூரிலிருந்து நான் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய காலத்தில் நீ ஒரு வரிகூடப் பதில் போட்டதில்லை. இப்போது மகள் சொல்லிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளோடும் அவள் சிநேகிதர்களோடும் மேசையில் உட்காருகிறாய். வாரா வாரம் தோற்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். அதற்கான காரணம் நீ அனுப்பிய டெக் பட்டியலிலேயே, அதாவது ஆடுவதற்கு நீ கட்டிய சீட்டுக்கட்டின் பட்டியலிலேயே, இருக்கிறது. அதைத்தான் இன்று விரிவாக எழுதப் போகிறேன்.

73 கார்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறம். அதில் லேண்ட், அதாவது மற்றக் கார்டுகளைப் போடத் தேவையான மானா என்ற சக்தியைத் தரும் கார்டு, 22. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் நல்ல கார்டுகள்தான். ஒரே மானாவுக்கு மூன்று டேமேஜ் கொடுக்கும் லைட்னிங் போல்ட்டைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் "இந்த டெக் எப்படி ஜெயிக்கும்?" என்று கேட்டால் பட்டியல் பதில் சொல்லவில்லை. நாம் ஹாஸ்டலில் விடிய விடிய ஆடிய ரம்மியில் சீட்டுக்கட்டு எல்லோருக்கும் பொது. கையில் வந்ததை வைத்துத்தான் சாமர்த்தியம் காட்ட வேண்டும். இங்கே சீட்டுக்கட்டையே நீதான் கொண்டுவருகிறாய். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நீ வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிறாயே, அப்போதே பாதி ஆட்டம் நடந்து முடிந்துவிடுகிறது. அதிலும் சேர்ப்பதைவிட விடுவதுதான் கடினம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1993 ஆகஸ்டில் வெளிவந்த இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு ஒரு கணித ஆய்வாளர். சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆட்டத்தின் அடியில் அந்தக் கணிதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடிப்படை லேண்ட் தவிர எந்தக் கார்டும் நான்குக்கு மேல் கூடாது, டெக் 60-க்குக் குறையக் கூடாது என்பது விதி. 60-க்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். அந்தச் சுதந்திரத்தைத்தான் நீ பயன்படுத்தியிருக்கிறாய். தயவுசெய்து பயன்படுத்தாதே. 60 கார்டு டெக்கில் நான்கு லைட்னிங் போல்ட் இருந்தால், முதலில் எடுக்கும் ஏழு கார்டில் ஒன்றாவது வர ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு. அதே நான்கை 80 கார்டுக்குள் வைத்தால் அது 31 சதவீதமாக இறங்கிவிடும். 61-ஆவதாக நீ சேர்க்கும் எந்தக் கார்டும், உன்னிடம் இருக்கும் நல்ல கார்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் உள்ளே வருகிறது.

லேண்ட் விஷயம் இதைவிட மோசம். 73-ல் 22 லேண்ட் என்றால், முதல் ஏழு கார்டில் ஒரு லேண்ட் மட்டும் வருவதற்கோ ஒன்றுமே வராமல் போவதற்கோ வாய்ப்பு 31 சதவீதம். மூன்று ஆட்டத்தில் ஒன்றை நீ ஆரம்பிக்கும் முன்பே கைவிடுகிறாய் என்று அர்த்தம். 60-ல் 24 லேண்ட் வைத்தால் அது 14 சதவீதம், அதாவது ஏழில் ஒன்று. எக்செல்லில் இந்தக் கணக்குக்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நீ அலுவலகத்தில் நாள் முழுக்க எக்செல்லோடு குடித்தனம் நடத்துகிறவன், ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவாய். ஒருமுறை நீயே போட்டுப் பார். அதற்கப்புறம் "இன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்ற சொல் உன் வாயில் அவ்வளவு சுலபமாக வராது.

அப்புறம் அந்த நீலம். எதிராளி போடும் கார்டை ரத்து செய்யும் கவுண்டர்ஸ்பெல் உன்னிடம் நான்கு இருக்கிறது. அதற்கு இரண்டு நீல மானா வேண்டும். உன் லேண்டில் நீல மானா தரும் ஐலண்ட் ஆறுதான். நீ முதலில் ஆடும் ஆட்டத்தில், இரண்டாவது டர்னுக்குள் எட்டு கார்டு பார்த்திருப்பாய். அதில் இரண்டு ஐலண்டாவது இருக்க எட்டில் ஒரு வாய்ப்புதான். கையில் கவுண்டர்ஸ்பெல் இருந்தும் போட முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, அது இதனால்தான். நிறம் மட்டும் பிரச்சினை என்றால் லேண்டை மாற்றிச் சரிசெய்யலாம். அதைவிடப் பெரிய சிக்கல், உன் கார்டுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. லானோவார் எல்ஃப்ஸ் ஒரு கிரீச்சர், அதாவது மேசையில் இறங்கித் தாக்கவும் தடுக்கவும் செய்யும் உயிரினக் கார்டு. அது முதல் டர்னிலேயே இறங்கி, அடுத்த டர்னிலிருந்து மானா கொடுக்கிறது. "சீக்கிரம் பெரிய கிரீச்சரை இறக்கு, அடி" என்பது அதன் பேச்சு. கவுண்டர்ஸ்பெல்லோ மானாவைச் செலவழிக்காமல் எதிராளிக்காகக் காத்திருக்கச் சொல்கிறது. ஒரே டர்னில் இரண்டையும் செய்ய முடியாது. நீ ஒவ்வொரு டர்னும் குழம்புவதாக எழுதியிருக்கிறாய். நீ குழம்புவதற்கு முன்பே உன் டெக் குழம்பிவிட்டது.

நீலத்தை முழுசாக எடுத்துவிடு. கவுண்டர்ஸ்பெல் நான்கையும் மகளுக்குக் கொடு. அவளுடைய வெள்ளை-நீல டெக்கில் அவை சரியாக உட்காரும்.

1996-ல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பால் ஸ்லை என்பவர் முழுச் சிவப்பு டெக் ஒன்றோடு வந்து இரண்டாம் இடம் பிடித்தார். டெக்கை உருவாக்கியவர் ஜே ஷ்னைடர். அதில் இருந்த பல கார்டுகளை அன்றைய ஆட்டக்காரர்கள் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். அயர்ன்கிளா ஆர்க்ஸ் என்று ஒன்று: இரண்டு மானாவுக்கு 2/2 (முதல் எண் அடிக்கும் பலம், இரண்டாவது தாங்கும் டஃப்னஸ்), ஆனால் பலம் இரண்டோ அதற்கு மேலோ உள்ள கிரீச்சரை அதனால் தடுக்க முடியாது. யாருக்கு வேண்டும் அது? ஆனால் அந்த டெக்குக்குத் தடுக்கும் வேலையே இல்லை. தாக்குவது மட்டும்தான் வேலை என்றால் அந்தக் குறை குறையே அல்ல. முதல் டர்னில் ஒரு மானாவுக்கு ஒன்று, இரண்டாவதில் இரண்டு மானாவுக்கு ஒன்று என்று, எந்த டர்னிலும் மானா வீணாகாதபடி கார்டுகளின் விலை அடுக்கப்பட்டிருந்தது. மானா கர்வ் என்று இன்று எல்லோரும் சொல்வதைப் பரவலாகப் புரியவைத்தது அந்த டெக்தான். இன்றுகூட அந்த மாதிரி டெக்கை ஸ்லை என்று அழைக்கிறவர்கள் உண்டு. எனக்கு இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிகப் பிடித்த டெக் இது. ஒரு கார்டு நல்லதா கெட்டதா என்பதை அது போய்ச் சேரும் டெக்தான் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது.

இப்போது உனக்கு நான் சொல்லும் சிவப்பு-பச்சை டெக். ஒரு மானாவில் 12 கார்டு: லானோவார் எல்ஃப்ஸ் நான்கு, கிர்ட் ஏப் நான்கு, லைட்னிங் போல்ட் நான்கு. கிர்ட் ஏப் தனியாக 1/1-தான், உன் பக்கம் ஒரு ஃபாரஸ்ட் (பச்சை மானா தரும் லேண்ட்) இருந்தால் 2/3 ஆகிவிடும். ஒரு மானாவுக்கு அது ரொம்ப அதிகம். இரண்டு மானாவில் 12, மூன்றில் ஏழு. உன் பெட்டியில் இருக்கும் கிரீச்சர்களிலிருந்தே இவற்றை நிரப்பலாம். பலத்தைப் பார்த்து எடு, நீளமான எழுத்தைப் பார்த்து மயங்காதே. நான்கு மானாவுக்கு ஃப்ளேம்டங் காவு நான்கு. அது 4/2 கிரீச்சர், உள்ளே வரும்போதே ஒரு கிரீச்சருக்கு நான்கு டேமேஜ் கொடுக்கும். ஒரே கார்டில் இரண்டு கார்டின் வேலை நடந்துவிடும்.

பிறகு உன் ஷிவன் டிராகன். ஆறு மானா, 5/5, பறக்கும். அதை எடுக்கச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து எழுதியிருக்கிறாய். எடுக்க மாட்டேன். பிடித்த கார்டு ஒன்றாவது டெக்கில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, இல்லாவிட்டால் எதற்காக ஆடுகிறோம்? ஆனால் நான்கு வேண்டாம், இரண்டு போதும். முதல் கையிலேயே பார்க்க ஆசைப்படும் கார்டை நான்கு வை. ஆட்டம் நீண்ட பிறகு ஒன்று வந்தால் போதும் என்பதை இரண்டு வை. மொத்தம் 37. எல்ஃப் இருப்பதால் லேண்ட் 23 போதும். 60 ஆகிவிட்டது, அங்கேயே நிறுத்திவிடு.

லைட்னிங் போல்ட்டை யார் மேல் போடுவது என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. எதிராளிக்கு 20 லைஃப், அது தீர்ந்தால் அவர் தோற்றார். ஒரு போல்ட்டுக்கு மூன்று போகும். வெறும் போல்ட்டாலேயே ஜெயிக்க ஏழு வேண்டும். உன் கிர்ட் ஏப் மூன்று முறை அடித்தாலே ஆறு போய்விடும், அதாவது இரண்டு போல்ட்டின் வேலை. அதனால் ஆரம்பத்தில், உன் கிரீச்சர்களின் வழியில் நிற்பதை அகற்றத்தான் போல்ட். எதிராளியின் லைஃப் குறைந்து, கையில் இருப்பதை வைத்தே முடித்துவிடலாம் என்ற கணக்கு வந்ததும், நேராக அவர் முகத்துக்கு.

இதோடு சேர்ந்ததுதான் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். 1999-ல் மேஜிக் பற்றி எழுதும் மைக் ஃப்ளோரஸ் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு டெக்குகள் மோதும்போது ஒன்று தாக்க வேண்டும், மற்றது தாக்குப்பிடிக்க வேண்டும். இதில் தன் வேலை எது என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர் தோற்பார் என்பது அதன் சாரம். இது டெக்கின் பெயரோடு ஒட்டியதல்ல, எதிரே யார் என்பதைப் பொறுத்து மாறும். உன் மகளோடு ஆடும்போது நீதான் தாக்குகிறவன். அவளிடம் செர்ரா ஏஞ்சல் என்ற பறக்கும் கிரீச்சரும் ராத் ஆஃப் காடும் இருக்கிறது என்கிறாய். 1990-களின் நடுவில் பிரையன் வைஸ்மன் 'தி டெக்' என்ற பெயரில் ஆடிய டெக்கின் வம்சம் அது. அவர் எதிராளி போடுவதையெல்லாம் தடுத்து, அழித்து, கார்டு எண்ணிக்கையில் முந்தி, ஒன்றிரண்டு செர்ரா ஏஞ்சலை வைத்து நிதானமாக ஆட்டத்தை முடிப்பார். உன் மகளும் அதே மாதிரிதான் ஆடுகிறாள். ஆட்டம் நீண்டால் அவள் ஜெயிப்பாள். நீ அவளுக்கு நேரம் கொடுக்கக் கூடாது. ஆனால் கையில் இருக்கும் கிரீச்சர் எல்லாவற்றையும் கொட்டிவிடாதே. நான்கு மானாவில் ராத் வந்தால் மேசையில் இருக்கும் கிரீச்சர் அத்தனையும் அழிந்துவிடும். இரண்டு மூன்று அடித்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டைக் கையிலேயே வைத்திரு, ராத் போட்ட அடுத்த டர்னில் மறுபடி ஆரம்பி.

நீ எழுதிய அந்தக் காப்ளின் டெக் (காப்ளின் என்ற சின்னக் கிரீச்சர்கள் நிறைந்தது) பையனோடு ஆடும்போது கதை வேறு. அவன் உன்னைவிட வேகம். அவனோடு ஓட்டப்பந்தயத்துக்குப் போகாதே. அங்கே நீ தடுக்கிறவன். கிர்ட் ஏப்பின் 3 டஃப்னஸ் சுவராக நிற்கட்டும், போல்ட் எல்லாம் காப்ளின்களுக்கே போகட்டும், ஆறாவது மானா வந்ததும் டிராகன் வானத்தில் ஏறட்டும். அதே 60 கார்டுதான், நீ செய்யும் வேலை மட்டும் தலைகீழாகிவிடும். இந்த ஆட்டத்தை இத்தனை வருடம் விடாமல் ஆடுகிறேன் என்றால் இதற்காகத்தான்.

முல்லிகன், அதாவது முதல் கை சரியில்லை என்று மறுபடி எடுப்பது, அதைப் பற்றி ஒன்றே ஒன்று. 2019-லிருந்து இருக்கும் முறைப்படி, மறுபடியும் ஏழு கார்டு எடுத்து அதில் ஒன்றை டெக்கின் அடியில் வைக்கிறாய். பழைய முறையைவிட இது எவ்வளவோ தேவலை. ஒரு லேண்ட் கையை "பார்ப்போமே" என்று வைத்துக்கொள்ளாதே. ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் சைட்போர்டு 15 கார்டைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். முதலில் இந்த டெக்கை மனப்பாடமாக ஆடு.

உள்ளே என்ன கார்டு என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட்டாக வாங்கிக் குவிக்காதே என்று மகளிடமும் சொல். நாலு பேர் உட்கார்ந்து டிராஃப்ட் (பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொரு கார்டாக எடுத்து டெக் கட்டும் முறை) ஆடுவதென்றால் பூஸ்டர் வாங்குவது அருமையான செலவு. டெக் கட்ட வேண்டுமென்றால் தேவையான கார்டைத் தனியாக வாங்குவதுதான் சிக்கனம். காமன் என்ற சாதாரண வகைக் கார்டு மட்டுமே வைத்து ஆடும் பாப்பர் என்ற முறையும் இருக்கிறது, அவள் சிநேகிதர்களுக்குக் காசு நெருக்கடி என்றால் அதை ஆடச் சொல்.

டிசம்பரில் நீங்கள் வருவதாக எழுதியிருந்தாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? வரும்போது இரண்டு டெக்கையும் கையோடு கொண்டு வாருங்கள், உன் மகளோடு நான் ஆட வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு மானா, மூன்று மானாவுக்கு எதையெல்லாம் எடுத்தாய் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். மாடிப்படி மட்டும் இப்போதைக்கு ஏற வேண்டாம் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் மச்சான்