மிளகுக் காவலில் நின்ற எல்லோருக்கும்

ஏற்காடு மலையில் இந்த வருட மிளகு பறிப்பு முடிந்து மூட்டையும் கட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் சரக்கு திருடு போகவில்லை. அதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் சொன்னது போதவில்லை, அதனால் இந்த மடல்.

போன வருடம் களத்தில் காயப்போட்ட மிளகைத் தார்ப்பாயோடு சுருட்டிக்கொண்டு போனார்கள். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் தேறுவது ஏறக்குறைய 33 கிலோ. ஒரு மூட்டை போனால் மூன்று மூட்டைப் பறிப்புக்கூலி வீண்.

முதல் நன்றி ரோந்து வரும் காவலர்கள் இருவருக்கு. காவல் நிற்க நம் பையன்கள் தயாரானபோது, “வண்டி நம்பரைக் குறிங்க, 100-க்குப் போடுங்க. மறிக்காதீங்க, கை வைக்காதீங்க” என்று கறாராகச் சொன்னார்கள். 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய, பொதுமக்கள் போலீசுக்குத் துணை நின்ற ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பு, சாத்தான்குளம் சாவுகளுக்குப் பிறகு 2020-ல் தமிழகத்தில் நிறுத்தப்பட்டதையும் நினைவுபடுத்தினார்கள். லத்தி பிடிக்க ஆசைப்பட்ட இரண்டு பேருக்கு முகம் தொங்கிவிட்டது. தொங்கட்டும்.

பால் வண்டி ஓட்டும் தம்பிக்கும் நன்றி. சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை, இல்லையென்றால் குப்பனூர் பாதை. விடியற்காலையில் இரண்டிலும் எது புது வண்டி என்று அவருக்குத்தான் தெரியும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஈர மிளகைப் பார்த்ததும் “எந்தத் தோட்டத்துச் சரக்கு?” என்று கேட்டுவிட்டு வாங்க மறுக்கும் வியாபாரிகளுக்கும் அப்படியே.

ஆனால் பெரிய கடன் கீழத்தெருப் பெரியம்மாவுக்கு. மாசியில் ஒரு ராத்திரி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே செல்போன் வெளிச்சம் தெரிய, பையன்கள் ஓடி ஒருவனைச் சுற்றிக்கொண்டார்கள். கையில் ஒரு துணிப்பை. கேட்டதற்கு இந்தியில் என்னவோ சொன்னான். யாரோ “பிள்ளை பிடிக்கிறவன்டா” என்று கத்த, ஒருவன் மிளகு ஏணியின் உடைந்த காலைக் கையில் எடுத்துவிட்டான். 2018-ல் இதே வாட்ஸ்அப் புரளியில்தான் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். பெரியம்மா நடுவில் புகுந்து, “முதல்ல தண்ணி குடுங்கடா. அப்புறம் கேளுங்க” என்று செம்பை நீட்டினார். அவன் குடித்து முடிப்பதற்குள் போலீசுக்குப் போன் போய்விட்டது. பக்கத்து எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த ஜார்க்கண்ட் பையன், கடைக்குப் போய் வழி தவறியிருக்கிறான். பையில் அரிசியும் உருளைக்கிழங்கும். காவலர்களே கொண்டுபோய் விட்டார்கள்.

சர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு மொத்த ஊரும் கிளம்பும். முன்கூட்டியே நிலையத்தில் சொல்லிவிடுங்கள், அந்தப் பக்கம் ஒரு சுற்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், ராத்திரிக் காவலுக்கு டீ கொடுத்த கடைக்கார அண்ணன் இதுவரை கணக்கே கேட்கவில்லை. அவர் சும்மா இருந்தாலும் நாம் சும்மா இருக்கக் கூடாது. மிளகு விற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் பங்கைக் கொடுத்துவிடுவோம்.

நன்றியுடன்,
மலையிலிருந்து ஒரு சிறு விவசாயி