ஜீவனாம்சத் தொகையை மாற்ற வழி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு, மகள் அங்கன்வாடிக்குப் போன காலத்தில் நீதிமன்றம் மாதாந்திர ஜீவனாம்சம் நிர்ணயித்தது. மகள் இப்போது பிளஸ் டூ. தொகை மட்டும் அப்படியே நிற்கிறது. "கோர்ட்டு சொன்னா சொன்னதுதான்" என்று யாரோ சொல்ல, அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

அது தவறு. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. ஓசூரில் வேலை இழந்த முன்னாள் கணவருக்கும் இதே வழிதான். அவராகவே பணத்தை நிறுத்தினால் பாக்கி ஏறும், சிறைக்கும் போக நேரலாம்.

இன்னொன்று, அதே சட்டத்தின் 144-வது பிரிவின்படி பாக்கியை வசூலிக்க, அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். "அடுத்த மாசம் தர்றேன்" என்ற பேச்சை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

வக்கீல் செலவுக்குப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 எண்ணில் கேட்கலாம். பென்னாகரம், அரூர் பக்கத்து மகளிர் குழுக் கூட்டங்களுக்கே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நேரில் வந்து இதை விளக்க வேண்டும்.

- ஒரு வாசகி, தருமபுரி