ஊதா மூடிக் குழாய்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

சேலத்தில் இரத்தவியல் மருத்துவனாக 31 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன். பிரிவு விழாவில் என் ஆய்வுகளைப் பலரும் பாராட்டிப் பேசினார்கள். அந்த ஆய்வுகள் யாருடைய இரத்தத்தால், யாருடைய கண்களால், யாருடைய கண்விழிப்பால் நடந்தன என்பதைச் சொல்ல எழுந்தபோது எனக்குக் குரல் எழவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் அதிகம் பார்த்த நோய் ஐ.டி.பி. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், இரத்தம் உறைய உதவும் சொந்தத் தட்டணுக்களையே அந்நியமென்று கருதி அவற்றின் மேல் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடிகளை) ஒட்டிவிட, அவ்வாறு குறியிடப்பட்டவற்றை மண்ணீரல் பிடித்து அழித்துவிடுகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை சில ஆயிரங்களுக்கு இறங்கும்போதுதான் ஈறு கசிகிறது, காலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன.

முதல் நன்றி, நான் பணியைத் தொடங்கிய இடத்தில் ஆய்வகத்திலிருந்த அம்மையாருக்கு. தட்டணு எண்ணிக்கை 22,000 என்று இயந்திரம் காட்டிய ஒருவருக்கு, நீரிழிவு உள்ளவர் என்று தெரிந்தும், நான் ஸ்டீராய்டு மாத்திரையை முழு அளவில் எழுதிவிட்டேன். நான்காம் நாள் அந்த அம்மையார் என்னைத் தேடி வந்து, "சார், ஸ்லைடை ஒரு தடவை நீங்களே பாருங்களேன்" என்றார். நுண்ணோக்கியில் பார்த்தேன். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சிலருடைய தட்டணுக்களை இப்படி ஒட்டவைக்கும். கொத்தை இயந்திரம் தட்டணுவாக எண்ணாது. அதற்குப் பதில் சிட்ரேட் சேர்த்த குழாயில் மறுபடி எடுத்தபோது எண்ணிக்கை ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஐ.டி.பி.யே இல்லாத ஒருவரின் சர்க்கரையை ஸ்டீராய்டால் நான் மூன்று நாள் ஏற்றிவைத்திருந்தேன். அன்று முதல் ஸ்லைடைப் பார்க்காமல் நான் மருந்து எழுதியதில்லை.

அடுத்து, இரத்த வங்கியில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு. எதிர்ப்புரதம் சிவப்பணுக்களைத் தாக்கும் நோயில், பிரிட்டிஷ் ஆய்வாளர் கூம்ஸும் அவருடைய தோழர்களும் 1945-இல் வகுத்த சோதனை நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருந்தும் இரத்தம் தேடுவதுதான் பெரும்பாடு. நோயாளியின் எதிர்ப்புரதம் யாருடைய சிவப்பணுவிலும் ஒட்டிக்கொள்வதால் எந்தப் பையை எடுத்தாலும் பொருந்தாது என்றே வரும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்த ஓர் இளைஞர் ஹீமோகுளோபின் மூன்று கிராமில் வந்த இரவு, அந்த எதிர்ப்புரதத்தை உறிஞ்சி நீக்கி, அதன் அடியில் வேறு ஆபத்தான எதிர்ப்புரதம் ஒளிந்திருக்கிறதா என்று தேடி, விடியும் வேளையில் ஒரு பையைக் கையில் கொடுத்தார்கள். அவர் பிழைத்தார்.

இரத்தம் கொடுத்தவர்களை எப்படி விடுவது? 1981-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மருத்துவர் பால் இம்பாக், ஐ.டி.பி. உள்ள குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரதத் திரட்டை இரத்தக்குழாய் வழியே செலுத்தித் தட்டணுக்கள் விரைந்து உயர்வதைக் காட்டினார். அந்த மருந்தின் ஒவ்வொரு தொகுப்பும் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து, திரட்டப்படுவது. பிரசவத்துக்கு முந்தைய நாள் நான் ஒரு பெண்ணுக்கு அதை ஏற்றியபோதெல்லாம், முகம் தெரியாத அத்தனை பேரும் அந்தக் கட்டிலருகே நின்றதாகவே எனக்குத் தோன்றியிருக்கிறது.

இனி, ஏற்காட்டிலிருந்து வந்த அந்தத் தாய்க்கு. காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். மருந்தை நிறுத்திய பின் யாருக்குத் தட்டணு நிலைக்கிறது, யாருக்கு மீண்டும் சரிகிறது என்பதே என் ஆய்வு. அதற்கு நலமடைந்தவர்களின் இரத்தம் தொடர்ந்து வேண்டும். நலமானவர் எதற்காக ஒரு நாள் கூலியை இழந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும்? அவர் வந்தார், ஆறு ஆண்டுகள், மாதம் தவறாமல், பழம் பறிக்கும் பருவத்திலும். "நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டரையா, அப்புறம் எதுக்கு ரத்தம்?" என்று ஒரு முறை கேட்டார். "நீங்க எப்படி நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தாம்மா அடுத்தவங்களுக்கு மருந்தை எப்ப நிறுத்தலாம்னு எனக்குத் தெரியும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினார். "அப்ப எடுத்துக்குங்க."

1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன், ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடியோடு சரிந்தன. நோய்க்குக் காரணம் இரத்தத்திலேயே ஓடுகிறது என்று தெளிந்தது. அவருடைய துணிவை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் வியந்து சொல்லியிருக்கிறேன். மலையிலிருந்து இந்தத் தாய் வரத் தொடங்கிய பிறகே, அன்று இரத்தம் தந்த அந்த நோயாளியையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன்.

மாலை ஆறு மணி என்று சொல்லிப் பத்து மணிக்கு வந்தவனை ஒரு நாளும் கடிந்துகொள்ளாத என் மனைவிக்கும் மக்களுக்கும் என் நன்றி.

பதிவேடுகளை இளைய மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டேன். மலையிலிருந்து முதல் பேருந்தில் வருகிறவர்களுக்கு வரிசை பார்க்காமல் முதலில் இரத்தம் எடுத்து அனுப்பிவிட வேண்டும், அப்போதுதான் அவர்களுக்கு அரை நாள் கூலியாவது மிஞ்சும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரும் சம்மதித்திருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் மருத்துவன்
சேலம்