பம்புக்குள் ஒரு பாடத்திட்டம்

ஆசிரியருக்கு,

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பு என்றால் வண்டி ரிப்பேர்தானே என்று இன்னும் கேட்கிறார்கள். கோவையில் தயாராகும் ஒரு பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் அருகே நீரின் அழுத்தம் ஆவியழுத்தத்துக்கு (நீர் ஆவியாகிக் குமிழியிடத் தொடங்கும் அழுத்தம்) கீழே இறங்கினால் குமிழ்கள் உண்டாகி, பின் உள்நோக்கி நொறுங்கி, உலோகத்தையே அரித்துவிடும். அதைத் தவிர்க்கச் சொல்லித் தருவது பாய்ம இயக்கவியல், அதாவது நீர், காற்று போன்றவற்றின் ஓட்டம் பற்றிய பாடம். இம்பெல்லரைச் சுழற்றும் தண்டு முறுக்கில் ஒடியாமலிருக்க எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதைச் சொல்வது 'பொருள்களின் வலிமை' என்ற பாடம். வார்ப்பு, பேரிங், அதிர்வு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே இப்படிப்பைத் தமிழ் வழியிலும் தொடங்கியது, நல்ல விஷயம். சரி, பழுதான பம்பைப் பிரித்துப் பார்க்க எத்தனை கல்லூரிகள் விடுகின்றன? வாரம் ஒரு நாள் மாணவர்களைப் பக்கத்து பவுண்டரிக்கு (உலோக வார்ப்புப் பட்டறைக்கு) அனுப்பலாமே!

- ஒரு வாசகர், கோவை