மாக்கியவெல்லி எழுதாத வாக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற வாரம் வெளிவந்த அரசியல் கட்டுரையில், 'நோக்கம் நிறைவேறுமானால் எந்த வழியும் நியாயமே' என்பது இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியின் கூற்றாக மேற்கோள் குறிக்குள் தரப்பட்டிருந்தது. அரசாட்சி பற்றிய அவருடைய 'இளவரசன்' நூலில் அந்த வாக்கியம் எங்கும் இல்லை. முறையிட மேல்மன்றம் ஏதுமில்லாத அரசர்களின் செயல்களை உலகம் விளைவைக் கொண்டே எடைபோடுகிறது என்று 18-ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். உலக வழக்கைக் கண்டு சொல்வது வேறு, அதையே அறமென்று விதிப்பது வேறு. தனக்குக் கேடாக முடியும் வாக்கை அரசன் காப்பாற்ற வேண்டியதில்லை என்றும் அதே அத்தியாயத்தில் அவர் சொல்கிறார் என்பதை நான் மறைக்கவில்லை. கடுமையான அந்த அறிவுரைக்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் சக குடிமக்களைக் கொன்று நண்பர்களுக்குத் துரோகம் செய்து ஆட்சியைப் பிடித்த பண்டைய சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரத்து அகதோக்ளிஸைப் பற்றிப் பேசும்போது, இவ்வழியில் அதிகாரம் கிடைக்கும், புகழ் கிடைக்காது என்று 8-ஆம் அத்தியாயத்தில் எழுதியவரும் அவரேதான்.

குடிகளின் அன்பு, அச்சம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்குமென்றால் அரசனுக்கு அச்சமே பாதுகாப்பு என்ற வரியைக் கட்டுரையாளர் எடுத்தாண்டிருக்கிறார். அதை ஒட்டியே வரும் நிபந்தனை விடுபட்டுவிட்டது. அச்சம் வெறுப்பாக மாறிவிடக் கூடாது, அதற்குக் குடிகளின் சொத்திலும் பெண்களிடத்திலும் அரசன் கை வைக்கக் கூடாது என்கிறார் மாக்கியவெல்லி. தந்தையின் சாவையாவது மனிதர்கள் விரைவில் மறப்பார்கள், பிதுரார்ஜிதச் சொத்து பறிபோனதை மறக்க மாட்டார்கள் என்பது அவர் கண்ட உண்மை. மக்கள் தன்னை வெறுக்காதிருப்பதே அரசனுக்கு மிகச் சிறந்த கோட்டை என்று 20-ஆம் அத்தியாயத்தில் மறுபடியும் சொல்கிறார்.

இவற்றை எழுதியவர் 1498 முதல் 14 ஆண்டுகள் புளோரன்ஸ் குடியரசின் செயலராக இருந்தவர்; பிரெஞ்சு அரசவைக்கும் இத்தாலியில் படைபலத்தால் நிலம் பிடித்துவந்த சேசரே போர்ஜியாவிடமும் தூது சென்றவர். 1512-இல் குடியரசு வீழ்ந்து, முன்பு நகரை ஆண்ட மெடிச்சி குடும்பம் திரும்பியதும் பதவி பறிபோனது. மறு ஆண்டு சதிக் குற்றச்சாட்டில் சிறைப்பட்டு, பின்புறம் கட்டிய கைகளைக் கயிற்றில் பிணைத்து உயரத் தூக்கிச் சட்டென்று கீழே விடும் சித்திரவதைக்கு ஆளானார். விடுதலைக்குப் பிறகு ஊருக்கு வெளியே இருந்த தம் சிறு பண்ணையில் ஒதுங்கி வாழ்ந்தபோது, 1513 டிசம்பர் 10 அன்று நண்பர் வெட்டோரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பகலெல்லாம் காட்டிலும் சத்திரத்திலும் கழித்துவிட்டு, மாலையில் வாசலிலேயே சேறு படிந்த துணிகளைக் களைந்து, அரசவைக்குரிய உடை உடுத்தி, பண்டை நூலாசிரியர்களோடு நான்கு மணி நேரம் உரையாடுவதாகவும், அப்போது வறுமையும் மரணமும்கூட அச்சுறுத்துவதில்லை என்றும் அதில் சொல்கிறார். 'இளவரசன்' உருவான செய்தியும் அக்கடிதத்தில்தான் இருக்கிறது. எப்போது எடுத்தாலும் நான் மெதுவாகவே படிக்கும் கடிதம் அது.

கட்டுரை தொடாமலே விட்ட நூல் ஒன்றும் உண்டு. பண்டை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் ரோமானிய வரலாற்றை முன்வைத்து அவர் எழுதிய 'உரைகள்' நூலில், ரோமில் உயர்குடியினருக்கும் பொதுமக்களுக்கும் ஓயாமல் நடந்த பூசல்களை முன்னோர் பலர் சாபக்கேடாகக் கருதியிருக்க, அந்தப் பூசல்களிலிருந்தே சுதந்திரத்தைக் காக்கும் சட்டங்கள் பிறந்தன, மக்களின் உரிமையைக் காக்கும் திரிபூன் பதவியும் அப்படி வந்ததே என்று அவர் வாதிடுகிறார். கூச்சலைக் கண்டு பதறுகிறவர்கள் அதன் பயனைப் பார்ப்பதில்லை என்பது அவர் குறை. முதல் பாகத்தின் 58-ஆம் அத்தியாயம் இன்னும் துணிச்சலானது: சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மக்கள்திரள், அரசனைவிட விவேகமும் நிதானமும் உடையது என்று லிவியையே மறுத்து எழுதுகிறார். 'இளவரசன்' நூலிலும் 9-ஆம் அத்தியாயத்தில், பெரியவர்கள் ஒடுக்க விரும்புகிறார்கள், மக்கள் ஒடுக்கப்படாதிருக்க மட்டுமே விரும்புகிறார்கள், ஆகவே மக்களின் நோக்கமே நேர்மையானது என்கிறார். கொடுங்கோலர்களின் ஆசான் என்று மட்டும் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது இந்தப் பக்கங்கள் முழுவதும் வாசகர் கண்ணில் படாமல் போகின்றன.

இரு நூல்களும் 1527-இல் அவர் இறந்த பின்னரே, 1531-இலும் 1532-இலும் அச்சேறின. 1559-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவர் நூல்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. தம் பெயரில் உலவும் வாக்கியத்தை மறுக்க அவரால் முடியாது. ஆகவே அந்த மேற்கோளுக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறும், 'உரைகள்' நூலைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றுக்கு இடம் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்