கஞ்சி மாவில் கோதுமைத் தவிடு: ஐந்தாவது முறையாக எழுதும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் பச்சை பாக்கெட் சிறுதானியக் கஞ்சி மாவு பற்றி நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்குக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை ஐயா, புகார் செய்கிறேன்.

எனக்கு இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் தொல்லை. எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்று வரும், வலி மட்டும் போகாது. மூன்று வருடமாக ஒவ்வொரு தானியமாக நிறுத்தி, திரும்பச் சேர்த்து, நோட்டில் குறித்து வைத்துத்தான் காலையில் எதைச் சாப்பிடலாம் என்று கண்டுபிடித்தேன். கோதுமை ரவை உப்புமா சாப்பிட்டால் மதியத்துக்குள் வயிறு பானையாக உப்பிவிடும். புழுங்கலரிசிக் கஞ்சி, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ் ஒத்துக்கொண்டன. ஏழு மணிக்குப் பஸ் பிடிக்கிற பள்ளி ஆசிரியை தினமும் இடியாப்பம் பிழிய முடியுமா? அதற்குத்தான் உங்கள் மாவு. அரிசி, சாமை, கேழ்வரகு, வேறொன்றும் இல்லை. இரண்டு வருடம் நிம்மதியாகக் குடித்தேன், அதற்கு இப்போதும் நன்றி சொல்கிறேன்.

பிப்ரவரியில் வாங்கிய பாக்கெட்டில் முன்பக்கம் அதே படம், அதே "கோதுமை சேர்க்காதது". பின்பக்கம் மட்டும் பொடி எழுத்தில் "கோதுமைத் தவிடு, சிக்கரி வேர் நார்ச்சத்து" என்று புதிதாக நுழைந்திருக்கிறது. மூன்றாம் நாள் படுத்துவிட்டேன். காரணம் தெரியாமல் பிறகும் ஒரு வாரம் அதையே கரைத்துக் குடித்திருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு அறையில் மேற்பார்வையிலிருந்து பாதியில் எழுந்து ஓடினேன். அந்த அவமானத்துக்கு நீங்கள் ஒரு லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பின்னாடி போட்டிருக்குல்ல மேடம், படிக்காதது உங்க தப்பு. வியாதிக்காரங்க கடைக் கஞ்சி வாங்கக் கூடாது." வியாதிக்காரங்க! இருபது வருடமாக வேலைக்குப் போகிறேன். என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் பேசியதைப் பதிவு செய்திருப்பீர்கள்தானே, கேட்டுப் பாருங்கள்.

அடுத்து பேசியவர் "குளூட்டன் டெஸ்ட் செய்திருக்கிறோம்" என்றார். நான் கேட்டது கோதுமைப் புரதமான குளூட்டன் பற்றி இல்லையே! என் தொல்லை ஃபிரக்டன் என்ற ஒரு வகைக் கார்போஹைட்ரேட். அது சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயு கிளப்பும். கோதுமையில் அது இருக்கிறது. சிக்கரி வேரில் இருக்கும் இனுலினும் ஃபிரக்டன்தான். அதில் குளூட்டன் துளியும் கிடையாது, ஆனாலும் என்னைப் படுக்கவைக்கும். மாவு அரைத்து விற்கிற உங்களுக்கு இது தெரியாதா? புதிய பாக்கெட்டில் "மால்ட்" (முளைகட்டிய தானியம்) என்றும் போட்டிருக்கிறீர்களே, அது கேழ்வரகு மால்ட்டா, பார்லி மால்ட்டா? பார்லியும் எனக்கு ஆகாது. நான்கு கடிதத்திலும் இதைக் கேட்டேன்.

அரியமங்கலம் போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாக்கெட்டை விநியோகஸ்தரிடம் நேரில் கொடுத்தால் மாற்றித் தருவார் என்றீர்கள். வயிற்றுவலியோடு, அரை நாள் லீவு போட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து, பஸ் மாறி, வெயிலில் நடந்து போனேன். குடோனில் இருந்த பையன், பாவம், "எங்களுக்கு யாரும் சொல்லலைங்கக்கா" என்றான். நீங்கள் ஒரு போன் செய்திருந்தால் எனக்கு அந்த அலைச்சல் இல்லை. கழிப்பறை எங்கே என்று தெரியாத ஊரில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியுமா?

தயவுசெய்து முன்பக்க வாசகத்தை உடனே எடுங்கள். மால்ட் எதிலிருந்து வருகிறது என்று எழுத்தில் சொல்லுங்கள். பழைய மாவு இன்னும் தயாராகிறதா என்றும் சொல்லுங்கள், கிடைத்தால் நானே வாங்கிக்கொள்வேன். மருந்துச் செலவு 2,350 ரூபாய், ரசீது இணைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு இரண்டு பாக்கெட்டையும் அனுப்புவேன். அதற்கு மேலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம் வரை வருவேன். அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று மரியாதையாகவே கேட்கிறேன்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். எழுத்தில் மட்டும் பதில் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கம் வாடிக்கையாளர்

இணைப்பு: பழைய, புதிய பாக்கெட்டின் பின்பக்கப் படங்கள், மருந்து ரசீது